ஏழு மில்லிமீற்றர் வித்தியாசம்

வெள்ளவத்தையில் மரைன் டிரைவை ஒட்டிய ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. கடல் பக்கத்து ஜன்னல் கம்பிகளை வருஷத்துக்கு ஒருமுறையாவது சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் துரு பொருக்குப் பொருக்காக எழும்பும். என் பழைய போனும் அந்தக் கம்பியைப் போலத்தான் போனது. விழவில்லை, உடையவில்லை. சார்ஜர் செருகும் வாய்க்குள் பச்சை பூத்துவிட்டது. முதலில் வயரை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் ஏறியது, பிறகு அதுவும் இல்லை. திருத்துகிறவர் ஊசி முனையால் கிளறி எடுத்த தூளை ஒரு வெள்ளைத் தாளில் தட்டிக் காட்டினார். "கடலடியிலா வீடு, மிஸ்?" என்று கேட்டார்.

அந்தப் பச்சைத் தூளைக் கண்ட பிறகு போன் வாங்கும் கணக்கே எனக்கு மாறிவிட்டது. கமராவில் எத்தனை மெகாபிக்ஸல் என்பதைக் கடைசிக்குத் தள்ளினேன். ஒரு கையில் அடங்குமா, இந்த உப்புக் காற்றில் எத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கும், மாதாமாதம் எவ்வளவு காசு கேட்கும் என்பவற்றையே முதலில் பார்த்தேன். கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் ஒரு பின்னேரமும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு முழுக் காலையும் அலைந்து, கடைசியில் சாம்சங் கலக்ஸி ஏ16 வாங்கினேன். 4ஜி மொடல், 6 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பு. ஐந்து மாதமாகப் பாவிக்கிறேன். இடையில் ஒரு கிழமை அண்ணாவின் கலக்ஸி எஸ்24-ஐ இரவல் வாங்கி, என் சிம்மைப் போட்டு அதையே வைத்திருந்தேன்.

ஏ16 ஐம்பதாயிரம் ரூபாயைச் சுற்றிய விலை. எஸ்24 அதைப்போல் பல மடங்கு. விலையில் பொருந்தாத இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததற்கு ஒரே காரணம் அளவு. மலிவான சின்ன போன் என்று ஒன்றை இப்போது கடையில் தேடிப் பிடிப்பது கஷ்டம். 2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். 2011இல் சாம்சங் தன் முதல் கலக்ஸி நோட்டை 5.3 அங்குலத்தில் கொண்டுவந்தபோது அது ராட்சத போனாகப் பார்க்கப்பட்டது. இன்றைக்கு அதே அளவைக் கேட்டால் கடைக்காரர் தலையைச் சொறிவார். 5.4 அங்குலத்தில் வந்த ஐபோன் 13 மினியையும் ஆப்பிள் 2023 செப்டெம்பரில் நிறுத்திவிட்டது. ஆகவே 'சின்னது' என்று இன்று கையில் எடுத்துத் தருவது 6.2 அங்குல எஸ்24 போன்றவற்றைத்தான். சின்னக் கைக்குப் போன் வேண்டுமென்றால் பெரிய விலை கொடுக்க வேண்டும் என்ற நிலை நியாயமே இல்லை. பெண்களின் கையும் வயது போனவர்களின் கையும் கடைக்கு வரும் கைகள்தான்.

இனிப் பஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா இருப்பது கொட்டாஞ்சேனையில். கிழமைக்கு இரண்டு தரம் 155இல் போய் வருகிறேன். இடம் கிடைப்பது அரிது. ஒரு கை மேல் கம்பியில் இருக்கும், மற்றக் கையில்தான் போன். எஸ்24இன் அகலம் 70.6 மில்லிமீற்றர், ஏ16இன் அகலம் 77.9. வித்தியாசம் ஏழு மில்லிமீற்றர்தான், ஒரு பென்சிலின் தடிப்பு. அந்தப் பென்சில் தடிப்புக்காகப் பெருவிரல் திரையின் மேல் மூலைக்கு எட்டாமல் போகிறது. எட்டுவதற்காகப் போனை உள்ளங்கையில் கொஞ்சம் கீழே நழுவவிட்டு, சுண்டுவிரலில் தாங்கிப் பிடிப்போம். அந்தக் கணத்தில்தான் போன் விழும். நகர மண்டபத்தடியில் பஸ் சடாரென்று பிரேக் போட்டபோது என் ஏ16 அப்படித்தான் விழுந்து, இரும்புத் தரையில் ஒரு மூலை அடித்து, இன்னொருவரின் செருப்படியில் போய் நின்றது. பின்பக்கமும் சட்டமும் பிளாஸ்டிக், கவரும் போட்டிருந்தேன். கவரின் மூலையில் ஒரு பள்ளம், அவ்வளவோடு தப்பியது. நிறையும் சேர்கிறது: எஸ்24 167 கிராம், ஏ16 ஏறத்தாழ 200 கிராம். அரை மணி நேரம் ஒற்றைக் கையில் பிடித்திருந்தால் மணிக்கட்டே அந்த முப்பது கிராமைச் சொல்லித் தரும்.

செட்டிங்ஸில் ஒற்றைக்கை முறை என்று ஒன்று இருக்கிறது. அதை முடுக்கிவிட்டால் திரை முழுவதும் சுருங்கி ஒரு மூலைக்கு வரும். பஸ்ஸில் அதைத்தான் பாவிக்கிறேன். உதவிதான், ஆனால் பெரிய திரைக்குக் காசு கொடுத்துவிட்டுச் சின்னத் திரையாக்கிப் பாவிப்பது மனதுக்கு ஒட்டவில்லை.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் நான் எஸ்24இன் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சாயாததற்குக் காரணம் தமிழ். நான் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுகிறேன். அதன் மேல் வரிசையில் மட்டும் ஆ-வில் தொடங்கி ஞ வரை 12 எழுத்து விசைகள். ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசையில் 10. எஸ்24இன் திரையகலம் கிட்டத்தட்ட 66 மில்லிமீற்றர். பன்னிரண்டால் பிரித்தால் ஒரு தமிழ் விசைக்கு ஐந்தரை மில்லிமீற்றர் கிடைக்கும். ஏ16இன் 6.7 அங்குலத் திரையில் அது கிட்டத்தட்ட ஆறு. எஸ்24இல் ஆங்கிலம் அடிக்கிறவருக்கோ ஒரு விசைக்கு ஆறரைக்கும் மேல். அதாவது பெரிய போனில் தமிழ் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் இடம், சின்ன போனில் ஆங்கிலம் எழுதுகிறவருக்குக் கிடைப்பதை விடக் குறைவு. ஆங்கிலத்தில் போன் விமர்சனம் எழுதுகிறவர்கள் சின்ன போனைப் புகழ்வதைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்களின் விரலும் நம் விரலும் ஒரே விசையில் படுவதில்லை.

அண்ணாவின் போனை வைத்திருந்த கிழமையில் ள-வுக்குப் போன விரல் பக்கத்து ற-வில் விழுந்தது, ன-வுக்குப் போனது ட-வில். 'நாளைக்கு' என்று அனுப்ப நினைத்தது எத்தனை தரம் 'நாறைக்கு' ஆகிப் போனது! தமிழ்ச் சொற்களின் நீளமும் இதில் சேரும். பூட்டிய திரையில் வரும் ஒரு வரி அறிவித்தலில் ஆங்கிலச் செய்தி முழுதாகத் தெரியும். தமிழ்ச் செய்தியில் வினைச்சொல் வருவதற்குள் மூன்று புள்ளி விழுந்துவிடும். வருகிறாரா, வரமாட்டாரா என்பதே அந்தக் கடைசிச் சொல்லில்தானே இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் அம்மா போன்றவர்களுக்கு இது இரட்டிப்பு. அம்மா சொன்னது இதுதான்: "பிள்ளை, எழுத்துப் பெரிசாத் தெரியோணும். மற்றதெல்லாம் நீ பார்." கண்ணுக்கு அகலம் வேண்டும், கைக்கு ஒடுக்கம் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. தமிழில் வாசித்து எழுதுகிறவர் கையை விட்டுக்கொடுத்து, கழுத்தில் மாட்டும் கயிறோ பின்பக்கம் ஒட்டும் விரல் வளையமோ வாங்கிக்கொள்ளலாம். வெள்ளவத்தைக் காலி வீதி நடைபாதைக் கடைகளில் இரண்டும் கிடைக்கும்.

அடுத்தது தாக்குப்பிடிப்பது. பெட்டியில் ஐபி என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஏ16 ஐபி54: தூசு ஓரளவுக்குத் தடுக்கப்படும், எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், தண்ணீருக்குள் போடக்கூடாது. எஸ்24 ஐபி68: தூசு உள்ளே போகாது, தண்ணீரில் மூழ்கினாலும் குறிப்பிட்ட ஆழத்துக்கும் நேரத்துக்கும் தாங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. கடற்கரையிலும் நீச்சல் தடாகத்திலும் பாவிக்க வேண்டாமென்று சாம்சங்கே சிறிய எழுத்தில் போடுகிறது. மரைன் டிரைவ் வீட்டுக்கு அந்தச் சிறிய எழுத்துத்தான் பெரிய எழுத்து. ஐபி68 வாங்கிவிட்டோம் என்று உப்புக் காற்றை மறந்துவிட முடியாது. சார்ஜ் வாய் எந்தப் போனிலும் திறந்த உலோகம்தான். ஈரத்தோடும் உப்போடும் வயரைச் செருகி மின்சாரம் பாய்ச்சினால் அரிப்பு வேகமாகும். ஐந்து மாதமாக நான் செய்வது சின்னச் சின்னக் காரியங்கள். சார்ஜ் வாய்க்கு ரப்பர் மூடி போட்டிருக்கிறேன். கடல் பக்கத்து ஜன்னலோரம் வைத்து சார்ஜ் ஏற்றுவதில்லை. மழையில் நனைந்து வந்தால் ஒரு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வைத்த பிறகுதான் வயர். இதுவரை வாய் பளபளவென்று இருக்கிறது.

கொட்டாஞ்சேனை அம்மா வீட்டில் உப்பு இவ்வளவு இல்லை, வெக்கைதான் பிரச்சினை. தகரக் கூரைக்குக் கீழே, தலையணைக்கு அடியில் வைத்து இரவு முழுக்க சார்ஜ் ஏற்றுவார். லிதியம் பற்றரிக்குச் சூடுதான் பெரிய எதிரி. அதை நிறுத்த வைப்பதற்குப் போன் வாங்கியதை விடக் கூடுதலான பாடுபட்டேன்.

விழுந்து உடைந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை ஆய்வுகூடத்தில் இல்லை, முதலாம் குறுக்குத் தெருவில் இருக்கிறது. அங்கே திருத்தும் கடை வைத்திருக்கும் நானா ஒருவரிடம் இரண்டு போனையும் மேசையில் வைத்துக் கேட்டேன். ஏ16ஐத் தொட்டு, "இதுக்கு டிஸ்ப்ளே எந்த நேரம் கேட்டாலும் ஈக்கிது தங்கச்சி. ஒரிஜினலும் ஈக்கிது, கொப்பியும் ஈக்கிது" என்றார். எஸ்24க்கு அவர் சொன்ன திரை விலையில் ஒரு புது ஏ16 வாங்கலாம். அவரிடம் கற்றது ஒன்று: திரை மாற்றும்போது 'சேர்விஸ் பேக்' என்று கேட்க வேண்டும். அது கம்பனி உதிரிப்பாகப் பெட்டியில் வருவது. கொப்பித் திரை மலிவு, ஆனால் வெயிலில் மங்கும், விரல் தொடுவதும் பிந்தி உணரும். எஸ்24 முன்னும் பின்னும் கண்ணாடி என்பதால் உடைய இரண்டு பக்கம் இருக்கிறது. ஏ16இன் பிளாஸ்டிக் முதுகை ஆடம்பரம் இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. 155இல் நின்று போகிறவளுக்கு அந்தப் பிளாஸ்டிக் ஒரு நிம்மதி.

இந்த விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் நல்லதொரு காரியம் செய்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு ஒரு முத்திரைச் சீட்டு கட்டாயம். விழுந்தால் எவ்வளவு தாங்கும், திருத்துவது எவ்வளவு லேசு என்பவை அதில் தர எழுத்தாகவும், பற்றரி எத்தனை தரம் ஏற்றி இறக்கினால் தேயும் என்பது எண்ணாகவும் இருக்கும். 800 தரம் ஏற்றிய பிறகும் பற்றரியில் 80 வீதம் கொள்ளளவு மிஞ்ச வேண்டும், விற்பனை நிறுத்திய பிறகும் ஐந்து வருஷம் மென்பொருள் புதுப்பிப்புத் தர வேண்டும் என்பவையும் அதனோடு சேர்ந்து வந்த சட்டத்தில் உண்டு. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. என்றாலும் அங்கும் விற்கும் மொடலை வாங்கப் போகிறவர்கள் அந்தச் சீட்டை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

மென்பொருள் ஆயுளைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஏ16 2024 கடைசியில் வந்தது. ஆறு தலைமுறை அண்ட்ரொய்டும் ஆறு வருஷப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாகச் சாம்சங் சொல்லியிருக்கிறது, அதாவது 2030 வரை. எஸ்24க்கு ஏழு வருஷம். இந்த விலையில் ஆறு வருஷம் என்பது முன்பு கேள்விப்படாதது. வங்கிச் செயலியை வைத்திருப்பவர்களுக்கு இது வாழ்வா சாவா விஷயம். புதுப்பிப்பு நின்ற போனில் ஒருநாள் அந்தச் செயலி திறக்க மறுக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஏ16 4 ஜிபி ராமிலும் வருகிறது. அது இன்றைக்கே இழுபடுகிறது, 2030ஐப் பற்றிப் பேசவே வேண்டாம். கொஞ்சக் காசு கூடினாலும் 6 அல்லது 8 ஜிபி எடுங்கள். என் 6 ஜிபியிலும் கமரா திறக்க ஒரு நொடி யோசிக்கிறது. ஒலிபெருக்கி ஒன்றே ஒன்று, அதுவும் கீழே. வீடியோ பார்க்கும்போது உள்ளங்கை அதை மூடிவிடும். பெட்டிக்குள் வயர் மட்டும்தான், சார்ஜர் தனியாக வாங்க வேண்டும். பற்றரி 5000 எம்ஏஎச். எனக்கு ஒன்றரை நாள் வருகிறது. அண்ணாவின் 4000 பின்னேரம் ஏழு மணிக்கே சிவப்பைக் காட்டியது.

வாங்கும் இடத்தில் காசை நீட்டுமுன் *#06# அழுத்துங்கள். வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு 1909க்கு அனுப்பினால், அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்று பதில் வரும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் போனுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் தட்டே கிடையாது, ஈசிம் மட்டும்தான். அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனால், அவர் சிம்மை வைத்துக்கொண்டு ஓட்டையைத் தேடுவார்.

இப்போது மாதக் காசு. கனடாவில் என் அக்கா போனையும் இணைப்பையும் சேர்த்து இரண்டு வருஷத் தவணையில் எடுத்திருக்கிறா. அங்கே போனின் விலை மாதப் பில்லுக்குள் ஒளிந்திருக்கும். கொழும்பில் நாங்கள் போனைத் தனியாகக் கைக்காசுக்கோ கடனட்டைத் தவணைக்கோ வாங்குகிறோம், பிறகு ரீலோட் போடுகிறோம். அதனால் இரண்டையும் சேர்த்து யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். ஐம்பதாயிரம் ரூபாய்ப் போனை ஆறு வருஷம், அதாவது 72 மாதம் பாவித்தால், மாதத்துக்கு எழுநூறு ரூபாய் கூட வராது. மாதம் 1,500 ரூபாய்க்கு ரீலோட் போடுகிறவருக்கு அதே 72 மாதத்தில் 108,000 ரூபாய் போகும். போனின் விலையை விட இரண்டு மடங்குக்கும் மேல். கடையில் இரண்டாயிரம் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசுகிற நாங்கள், ரீலோட் பெக்கேஜை ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

அந்தக் காசும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ரூபாய் சரிந்த 2022இல், செப்டெம்பர் மாதம், கைபேசிக் கட்டணம் ஒரேயடியாக 20 வீதம் ஏறியது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 வீதமானது. அதுவரை விலக்கு இருந்த கைபேசிகளும் அந்த நாளில் வரிக்குள் வந்தன. அதே வருஷம் ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்ததும் மிஞ்சியது டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் என்று மூன்றுதான். தெற்காசியாவின் முதல் கைபேசி வலையமைப்பு 1989இல் செல்டெல் என்ற பெயரில் தொடங்கியது இந்த நாட்டில்தான். அதன் வழி வந்த கம்பனியும் 2018இல் ஹட்சோடு சேர்ந்துவிட்டது. கம்பனிகள் குறையக் குறைய வாங்குகிறவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அம்மாவின் செலவு எங்கே போகிறது என்று ஒரு மாதம் எழுதி வைத்தேன். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் நெட்வொர்க் பாவனை என்ற பக்கம் இருக்கிறது. அதைப் பூச்சியமாக்கிவிட்டு ஒரு மணி நேர வீடியோ அழைப்புக்குப் பிறகு பார்த்தபோது 300 எம்பியைச் சுற்றி வந்தது. அம்மாவுக்குக் கிழமையில் நான்கு அழைப்பு. பெக்கேஜில் பகல் டேட்டா தனி, இரவு டேட்டா தனி. இரவு என்பது பல பெக்கேஜ்களில் நள்ளிரவு 12 முதல் காலை 7 அல்லது 8 மணி வரை. அம்மாவின் இரவு டேட்டா மாதக் கடைசியில் அப்படியே காலாவதியாகிக்கொண்டிருந்தது. பகல் டேட்டா மூன்றாம் கிழமையில் தீர்ந்து மேலதிக ரீலோட். அக்கா அழைப்பது எங்கள் காலை ஒன்பது மணிக்கு. டொரொண்டோ கோடையில் எங்களை விட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. எங்கள் காலை ஆறரை அவர்களுக்குக் கோடையில் இரவு ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த நேரம். அழைப்பை ஆறரைக்கு மாற்றச் சொன்னேன். அம்மா எப்படியும் ஐந்தரைக்கு எழும்பித் தேத்தண்ணி வைப்பவர். இப்போது அந்த நான்கு அழைப்பும் இரவு டேட்டாவில் போகின்றன, மேலதிக ரீலோட் நின்றுவிட்டது. லண்டன் சித்திக்கு இந்த வழி சரிவராது, எங்கள் காலை ஆறரையில் அங்கே நடுச்சாமம்.

எனக்கு வீட்டில் பைபர் இணைப்பு இருக்கிறது. வெளியில் மட்டும்தான் சிம் டேட்டா. ஆகவே பெரிய பெக்கேஜை விட்டுவிட்டு, பழைய இலக்கத்தை அழைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, டேட்டாவுக்கு இன்னொரு கம்பனியின் மலிவுச் சிம்மைப் போட்டேன். வீட்டுக்குள் எந்தச் சிம் எடுக்கிறது என்பதை வாங்குமுன் அந்த அறையிலேயே நின்று பார்க்க வேண்டும். வெள்ளவத்தை அடுக்குமாடிகளுக்கு நடுவே முன்னறையில் நான்கு கோடு காட்டுவது குசினியில் ஒன்றாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் போனைக் கொஞ்ச நேரம் வாங்கிப் பார்த்தால் ரீலோட் காசு மிஞ்சும். ஆனால் இந்த இரண்டு சிம் வழியில் ஏ16 ஒரு தடை போடுகிறது. அதன் தட்டில் இரண்டாவது இடம் சிம்முக்கோ மெமரி கார்டுக்கோ ஒன்றுக்குத்தான். இரண்டையும் போட முடியாது. இரண்டு சிம் பாவித்துக் காசை மிச்சப்படுத்துகிறவர்கள்தான் மலிவான போன் வாங்குகிறார்கள். அவர்களுக்கு மூன்று இடம் கொடுத்திருக்க வேண்டும். இந்தப் போனில் எனக்கு உண்மையான கோபம் என்றால் அது ஒன்றுதான்.

போன மாதம் அம்மாவுக்கும் இதே ஏ16ஐ வாங்கிக் கொடுத்தேன். 155இல் கொண்டுபோய், கொட்டாஞ்சேனை வீட்டு மேசையில் பெட்டியைப் பிரித்து, எழுத்தை ஆகப் பெரிதாக்கி, அழைப்புச் சிம்மையும் டேட்டாச் சிம்மையும் போட்டேன். பழைய போனில் இருந்த மெமரி கார்டுக்கு இடமில்லை. பத்து வருஷமாக அம்மா சேர்த்த தேவாரமும் பழைய பாட்டும் அதில்தான் இருந்தன. எல்லாவற்றையும் போனின் உள்சேமிப்புக்கு மாற்றியும் பாதி கூட நிரம்பவில்லை. முதல் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அம்மா கேட்டார், கையில் திருப்பிப் பார்த்தார், "கொஞ்சம் பாரம்தான்" என்றார். பிறகு அந்தக் கார்டைப் பஞ்சில் சுற்றி, ஒரு திருநீற்றுப் பெட்டிக்குள் போட்டு, சுவாமி அறை லாச்சியில் வைத்துக்கொண்டார்.